பப்பாளி பூக்கிறது, காய் பிடிக்கவில்லை: ஆண், பெண், இருபால் மரங்களை இனம் கண்டு சரிசெய்யும் வழி

பப்பாளி வைத்தவர்களிடம் பேசினால் ஒரே குறை திரும்பத் திரும்ப வரும். "மரம் தளதளன்னு வளருது, பூவும் கொத்துக் கொத்தா வருது, காய் மட்டும் நிக்க மாட்டேங்குது." உடனே பூ உதிராமல் இருக்க மருந்து வாங்கித் தெளிப்பார்கள், இல்லாவிட்டால் மரத்தில் ஆணி அடிப்பார்கள். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த மரத்தில் ஒரு பூவைக் கிள்ளி, பிளந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பப்பாளியில் ஆண், பெண், இருபால் (ஒரே பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்திருப்பது) என்று மூன்று விதமான மரங்கள் உண்டு. எது என்று தெரியாமல் செய்யும் வைத்தியம் எல்லாம் காசுக்குத்தான் கேடு.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் மரத்தில் தெரிவது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

முதலில்: உங்கள் விதை எந்த வகை?

பப்பாளி ரகங்களை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, ஆண் மரம் தனி, பெண் மரம் தனி என்று வரும் வகை. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 2, கோ 5, சிவப்புச் சதை கொண்ட கோ 8 எல்லாம் இந்தக் கூட்டம். பூசா ட்வார்ஃப், பூசா நன்ஹா ஆகியவையும் இதில் சேரும். இரண்டாவது, பெண் மரமும் இருபால் மரமும் மட்டும் வரும் வகை. கோ 3, கோ 7, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் சூர்யா, கூர்க் ஹனி டியூ, பூசா டெலிஷியஸ், தைவானிலிருந்து வந்து இன்று ஊரெல்லாம் நிற்கும் ரெட் லேடி ஆகியவை இந்த வகை. இதில் ஆண் மரம் வரக்கூடாது. வந்தால் விதையில் ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், ஒரே அறிகுறிக்கு இரண்டு வகையிலும் வேறு வேறு காரணம். கோ 8 தோட்டத்தில் பெண் பூ உதிர்ந்தால் ஆண் மரம் போதவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். ரெட் லேடி தோட்டத்தில் சித்திரையில் காய் பிடிக்காமல் போனால் வெயிலைப் பார்க்க வேண்டும்.

விதைக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் வகையில் விதைகளில் ஏறக்குறைய பாதி ஆண், பாதி பெண். இரண்டாவது வகையில் இருபால் பூ தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்ட பழமாக இருந்தால், மூன்றில் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண். இருபால் மரத்தின் மகரந்தம் பெண் பூவில் பட்டு வந்த பழமாக இருந்தால் பாதிக்குப் பாதி. ஆண் தன்மையைத் தரும் மரபுக்கூறோ, இருபால் தன்மையைத் தரும் மரபுக்கூறோ, இரண்டு பெற்றோரிடமிருந்தும் சேர்ந்து வந்தால் அந்தக் கரு பிழைக்காது. அதனால்தான் மூன்றுக்கு ஒன்று என்று வர வேண்டிய விகிதம் இரண்டுக்கு ஒன்றாகக் குறைகிறது.

அறிகுறி: இன்னும் பூக்கவில்லை, ஆணா பெண்ணா என்று இப்போதே தெரிய வேண்டும்

தோட்டத்தில் நின்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இதை நான் கறாராகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை நம்பி நல்ல நாற்றைப் பிடுங்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். கறுத்த விதை பெண், வெளுத்த விதை ஆண் என்பார்கள். ஆணிவேர் நேராக இறங்கினால் ஆண், கிளைத்தால் பெண் என்பார்கள். இலையின் வெட்டு ஆழமாக இருந்தால் இது, தண்டு தடித்தால் அது என்பார்கள். இவற்றில் எதையும் நம்பி ஒரு நாற்றைக் கழிக்காதீர்கள். இலையின் வெட்டும் தண்டின் பருமனும் ரகத்தாலும் உரத்தாலும் வெளிச்சத்தாலும் மாறும். ஆய்வகத்தில் இலைத் துணுக்கிலிருந்து மரபணுச் சோதனை செய்து நாற்றுப் பருவத்திலேயே பால் அறிய முடியும். ஆனால் ஒரு ஏக்கர் பப்பாளிக்கு அது கட்டுப்படியாகும் வழி இல்லை.

நம் கையில் இருக்கும் வழி எண்ணிக்கைதான். ஒரு குழியில் ஒரே நாற்று வைத்தால், முதல் வகை ரகத்தில் அது ஆணாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. இரண்டு வைத்தால் இரண்டுமே ஆணாக இருக்க நான்கில் ஒன்று. மூன்று வைத்தால் எட்டில் ஒன்று, நான்கு வைத்தால் பதினாறில் ஒன்று. ஒரு நாற்றுப் பைக்கு நான்கு விதை ஊன்றி அப்படியே நடச் சொல்வது இதனால்தான். நாற்றின் விலையைப் பார்த்து ஒன்றோடு நிறுத்துகிறவர்கள், ஆறு மாதம் கழித்துத் தோட்டத்தில் பாதிக் குழி வெறுமையாக நிற்பதைப் பார்க்க வேண்டியிருக்கும். இருபால் மரம் மட்டும் வேண்டும் என்று ரெட் லேடி போன்றதை வைத்தாலும் இதே கணக்குதான். இரண்டுக்கு ஒன்று விகிதத்தில் வரும் விதையாக இருந்தால், மூன்று நாற்றும் பெண்ணாகப் போக இருபத்தேழில் ஒரு வாய்ப்பே இருக்கிறது. ஆனால் ஒரு நாற்று முப்பது, நாற்பது ரூபாய் விற்கும்போது குழிக்கு மூன்று வைக்க மனம் வராது. அப்படியானால் பெண் மரங்களையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான், அதில் தப்பில்லை. பெண் மரமும் நன்றாகவே காய்க்கும்.

பூ வந்து பால் தெரிந்த பிறகு வேண்டாததைக் கலைக்கும்போது பிடுங்காதீர்கள். ஒரே குழியில் வளர்ந்த நாற்றுகளின் வேர்கள் பின்னிக்கொண்டிருக்கும், பிடுங்கினால் நிற்கப் போகிற மரமும் ஆட்டம் காணும். தரையோடு அறுத்து விடுங்கள். குழியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தேங்கினால் தண்டின் அடிப்பகுதி அழுகும்.

அறிகுறி: நீளமான காம்பு தொங்குகிறது, அதில் கொத்துக் கொத்தாகச் சின்னப் பூ

இது ஆண் மரம். அடையாளம் காண மிகச் சுலபமானது இதுதான். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்திலிருந்து கிளைத்த காம்பு ஒன்று அரை மீட்டருக்கு மேல்கூட நீண்டு தொங்கும். நுனியில் டஜன் கணக்கில் மெல்லிய குழல் போன்ற பூக்கள் இருக்கும். ஒரே தோட்டத்தில் ஆண் மரம்தான் பெரும்பாலும் முதலில் பூக்கும். அதனால் முதல் பூ வந்த மரங்களைப் பார்த்து "எல்லாமே ஆணாப் போச்சே" என்று பயப்பட வேண்டாம். மற்றவை பூக்கும் வரை பொறுங்கள்.

ஒரு பூவைக் குழலோடு நீளவாக்கில் பிளந்தால் உள்ளே பத்து மகரந்தத்தாள்கள் இருக்கும், மஞ்சள் தூள் கையில் ஒட்டும். நடுவில் ஊசி போல ஒன்று நிற்கும். அது வளராத சூலகம் (பெண் பூவில் காயாகும் பகுதி), காயாகாது.

அறிகுறி: காம்பு குட்டையாக இருக்கிறது, பூ தண்டை ஒட்டி இருக்கிறது. பெண்ணா, இருபாலா?

அதிகம் குழம்புவது இங்கேதான், ஆகவே இதில் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

காலையில், அன்றைக்குத்தான் விரிந்த பூவையோ, மறுநாள் விரியப் போகிற பருத்த மொட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளும்போது பால் வடியும். கையைக் கண்ணில் வைத்துவிடாதீர்கள், எரியும். தோலிலும் சிலருக்கு அரிக்கும். ஒரு சவர பிளேடு இருந்தால் போதும்.

பிளப்பதற்கு முன் மொட்டை விரலால் உருட்டிப் பாருங்கள். பெண் மொட்டு அடியில் குண்டாக, மேலே போகப் போகக் கூம்பி இருக்கும். அழுத்தினால் உள்ளே கெட்டியாக ஒன்று தட்டுப்படும். இருபால் மொட்டு அடியிலிருந்து பாதி வரைக்கும் ஒரே பருமனாக உருளை வடிவில் இருந்து, அதற்கு மேல் சற்றே விரியும். பழகிய கைக்கு இதுவே போதும், பிளக்க வேண்டியதே இல்லை.

இப்போது இதழ்களை உரியுங்கள். பெண் பூவில் ஐந்து இதழ்களும் கிட்டத்தட்ட அடி வரை தனித்தனி. ஒன்றைப் பிடித்து இழுத்தால் அது மட்டும் தனியாகக் கழன்று வரும். ஐந்தையும் எடுத்துவிட்டால் உள்ளே வெளிர்பச்சையும் மஞ்சளும் கலந்த, வழவழப்பான, உருண்டைச் சூலகம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதன் தலையில் ஐந்து பிரிவாகக் கிளைத்து விரிந்த சூல்முடி, அதாவது மகரந்தத்தை வாங்கும் பகுதி, இருக்கும். வேறு எதுவும் இருக்காது. மகரந்தத் தூள் எங்கே தடவினாலும் கையில் ஒட்டாது.

இருபால் பூவில் இதழ்கள் கீழ்ப்பாதியில் ஒன்றோடொன்று ஒட்டிக் குழலாக இருக்கும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் தனியாக வராது, கிழியும். குழலை மேலிருந்து கீழாகக் கீறி விரித்தால், குழலின் வாயருகே உட்புறத்தில் மகரந்தத்தாள்கள் ஒட்டிக்கொண்டு நிற்பது தெரியும். மொத்தம் பத்து, ஐந்து சற்று நீளம், ஐந்து குட்டை. நடுவில் சூலகம். ஆனால் உருண்டை இல்லை, வெண்டைப் பிஞ்சு போல ஒல்லியாக நீண்டிருக்கும். காய் பின்னால் எந்த வடிவத்தில் வரும் என்பதை இந்தச் சூலகமே சொல்லிவிடும். உருண்டைச் சூலகத்திலிருந்து உருண்டைக் காய், நீண்ட சூலகத்திலிருந்து நீளக் காய்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இருபால் மரத்தில் ஒரே காம்பில் மூன்று, நான்கு பூ வந்தால் நுனியில் இருக்கும் பெரிய பூதான் இருபால் பூவாக இருக்கும். பக்கத்தில் இருக்கும் சின்னப் பூக்கள் பல நேரம் வெறும் ஆண் பூக்களே. அந்தச் சின்னப் பூவைப் பிளந்து பார்த்துவிட்டு "இது ஆண் மரம்" என்று வெட்டிச் சாய்த்தவர்கள் உண்டு. எப்போதும் நுனிப் பூவைப் பாருங்கள். இளம் மரத்தில் முதல் இரண்டு மூன்று கொத்தில் எல்லாமே ஆண் பூவாக வந்தால்கூட, காம்பு குட்டையாகவும் பூ நாலைந்து மட்டுமாகவும் இருந்தால் அது இருபால் மரமாகத்தான் இருக்கும். உண்மையான ஆண் மரத்தின் காம்பு நீண்டு தொங்கும், பூ எண்ண முடியாத அளவுக்கு இருக்கும். அடுத்த கொத்துகள் வரும் வரை வெட்டுக்கத்தியை எடுக்காதீர்கள்.

அறிகுறி: பெண் பூ நிறைய வருகிறது, இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகி உதிர்கிறது

பெண் பூவில் மகரந்தம் கிடையாது, வெளியிலிருந்து வர வேண்டும். வீட்டுக் கொல்லையில் ஒற்றை மரமாக நிற்கும் பப்பாளி, அது பெண்ணாக இருந்து, சுற்றுவட்டத்தில் வேறு பப்பாளி இல்லையென்றால், பூத்துப் பூத்து உதிர்ப்பது இயல்புதான். சில மரங்கள் மகரந்தம் இல்லாமலே விதையற்ற சின்னக் காய்களைத் தாங்கும், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. காயை வெட்டிப் பார்த்தால் விதையே இல்லை அல்லது பத்துப் பன்னிரண்டு விதைதான் இருக்கிறது என்றால், காரணம் மகரந்தக் குறைவே. அதற்கு உரம் போட்டுப் பயனில்லை.

இதைச் சோதிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. ஏதாவது ஒரு தோட்டத்திலிருந்து அன்று காலையில் விரிந்த ஆண் பூ நாலைந்தைக் கொண்டு வாருங்கள். இருபால் பூவும் சரிதான். இதழை அகற்றி, மகரந்தத் தூள் வெளியே தெரியும்படி செய்து, உங்கள் மரத்தில் அன்று விரிந்த பெண் பூக்களின் சூல்முடி மேல் மெதுவாகத் தடவுங்கள். தடவிய பூவின் காம்பில் ஒரு நூல் கட்டுங்கள். பத்துப் பூவுக்குத் தடவி, பத்தைத் தடவாமல் விடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் நூல் கட்டியது பருத்து, கட்டாதது உதிர்ந்தால் பிரச்சினை மகரந்தம்தான். இரண்டுமே உதிர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டும். தண்ணீர் விட்டு விட்டுப் பாய்ச்சுவது, வேர்ப்பகுதியில் நீர் தேங்குவது, கடும் வெயில், வைரஸ் தாக்கிய மரம் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள்.

ஆண் மரம் இருந்தும் பெண் பூவில் காய் பிடிக்காதது சில தோட்டங்களில் நடக்கிறது. காரணம் பூச்சி இல்லாமை. பப்பாளிக்கு வந்து போகிறவற்றில் முக்கியமானவை அந்தி மயங்கிய பிறகு பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகள். ஆண் பூவில் அவற்றுக்குத் தேன் கிடைக்கிறது. பெண் பூவில் தேன் இல்லை. ஆண் பூ என்று எண்ணி ஏமாந்து பெண் பூவில் வந்து உட்காரும் பூச்சிதான் மகரந்தத்தை அங்கே சேர்க்கிறது. எவ்வளவு மெல்லிய ஏற்பாட்டின் மேல் நம் காய் நிற்கிறது பாருங்கள். பூக்கும் காலத்தில் மாலை நேரத்தில் பூச்சிக்கொல்லி அடித்தால் அந்த ஏற்பாடு முறிந்துபோகும். அடித்தே ஆக வேண்டும் என்றால் பூவில் படாமல் அடியுங்கள்.

அறிகுறி: எல்லாம் நன்றாகக் காய்த்தது, கோடையில் மட்டும் தண்டில் ஒரு முழம் வெறுமையாக இருக்கிறது

ரெட் லேடி வைத்தவர்கள் அடிக்கடி பார்ப்பது. கீழே காய் அடுக்கடுக்காக இருக்கும். நடுவில் கொஞ்ச தூரம் வெறும் தண்டு. மேலே மறுபடி பிஞ்சு. அந்த வெறுமையான இடம் பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில் பூத்த இடம்.

இருபால் மரத்தின் பூ தட்பவெப்பத்துக்கு ஏற்ப மாறக்கூடியது. வெப்பம் ஏறி, தண்ணீரும் தழைச்சத்தும் குறைந்தால் சூலகம் வளராமல் சுருங்கி, பூ ஆண் பூவாகவே நின்றுவிடும். அந்தப் பூக்கள் இரண்டு நாளில் உதிரும். அப்போது ஒன்றைப் பிளந்தால் நீண்ட சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் ஊசி போன்ற எச்சம் மட்டும் இருக்கும். மரம் ஆணாக மாறிவிட்டது என்று நினைத்து வெட்டாதீர்கள். மழை வந்து வெப்பம் தணிந்ததும் அதே மரம் மறுபடி சூலகத்தோடு பூக்கும்.

முழுதாகத் தடுக்க வழியில்லை, குறைக்கலாம். கோடையில் பாசனத்தை இடைவெளி விடாமல் கொடுப்பது, தண்டைச் சுற்றி வைக்கோல் அல்லது காய்ந்த சருகால் மூடாக்குப் போடுவது, உரத்தை ஒரே தடவையாகக் கொட்டாமல் பிரித்துக் கொடுப்பது. நடவைத் திட்டமிடும்போதே முதல் பூ கடுங்கோடையில் வராதபடி மாதம் பார்த்து நடுவது இன்னும் நல்லது. பெண் மரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதன் பூ எந்தப் பருவத்திலும் பெண் பூதான். கடும் வெயில் ஊர்களில் பெண் மரங்களையும் கழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

அறிகுறி: காய் கோணல் மாணலாக, பூனை முகம் போல மடிந்து வருகிறது

இதற்கு மூன்று காரணம் உண்டு, மூன்றும் வேறு வேறு வைத்தியம்.

ஆழமான பள்ளங்களோடு, விரல்கள் ஒட்டிக்கொண்டது மாதிரி பிளவுபட்ட காய், இருபால் மரத்தில் மட்டும், குளிர்ந்த ஈரமான மாதங்களில் பூத்த கொத்தில் மட்டும் வந்திருந்தால், அது பூவிலேயே நடந்த கோளாறு. கோடைக் கோளாறுக்கு நேர் எதிரானது. குளிரும் ஈரமும் அதிகத் தழைச்சத்தும் சேரும்போது மகரந்தத்தாள்கள் சூலகத்தோடு ஒட்டி, சதைப்பற்றாக வளர்ந்து, காயை உருக்குலைக்கின்றன. அந்தக் காய்களைப் பிஞ்சிலேயே கிள்ளிப் போட்டால் மற்ற காய்களுக்குச் சத்துப் போகும். மழைக்காலத்தில் யூரியாவைக் குறையுங்கள். வருடம் முழுக்க இப்படியே காய்க்கும் மரம் ஒன்றிரண்டு இருந்தால் அவற்றை எடுத்துவிடுவதே மேல், விதைக்கு ஒருபோதும் வைக்காதீர்கள்.

இருபால், பெண் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா மரத்திலும் காயின் மேல் புடைப்பு புடைப்பாக, மேடும் பள்ளமுமாக இருந்து, பச்சைக் காயின் தோலில் பால் கசிந்து உறைந்திருந்தால் போரான் சத்துக் குறைவு. 0.1 சதவீதப் போரிக் அமிலமும் 0.5 சதவீதத் துத்தநாக சல்பேட்டும் கலந்து, நட்ட 4-ஆம் மாதமும் 8-ஆம் மாதமும் தெளிக்க வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது.

காயின் தோலில் வளைய வளையமாகப் புள்ளி, இலையில் தேமல், நுனி இலை நூலாகச் சுருங்குதல், இலைக்காம்பில் எண்ணெய் பட்டது போன்ற கோடு என்று இருந்தால் அது வளையப்புள்ளி வைரஸ். அசுவினி பரப்புகிறது. மரத்தை மீட்க மருந்து கிடையாது. மற்ற மரங்களுக்குப் போகும் முன் அகற்றிவிட வேண்டும். பூவைப் பற்றிய கேள்வியே இங்கே எழாது.

அறிகுறி: ஆண் மரம் காய்த்துவிட்டது

நீண்டு தொங்கும் காம்பின் நுனியில் ஒல்லியான காய்கள் ஊசலாடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆண் மரத்தில் சில சமயம், பெரும்பாலும் குளிர்ந்த பருவத்தில், நுனிப் பூவின் எச்சச் சூலகம் வளர்ந்து காயாகிவிடும். பழுத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். எண்ணிக்கையிலும் எடையிலும் சொற்பம், விற்பனைக்கு ஆகாது.

ஆணி அடிக்கும் வழக்கம் இங்கேதான் பிறந்திருக்க வேண்டும். ஆண் மரத்தின் தண்டில் இரும்பு ஆணி அடித்தால் பெண்ணாகும், தலையை வெட்டிவிட்டால் பெண்ணாகும் என்று ஊருக்கு ஊர் சொல்கிறார்கள். பால் என்பது விதையிலேயே குரோமோசோமில் எழுதப்பட்டது. ஆணி அதை மாற்றாது. ஆண் மரம் தானாகவே அவ்வப்போது காய்க்கக் கூடியது என்பதால், ஆணி அடித்த பின் காய்த்த மரம் நினைவில் நிற்கிறது, காய்க்காத மரங்கள் மறந்துபோகின்றன. பப்பாளித் தண்டு உள்ளே கூடாக, மென்மையாக இருக்கும். ஆணி போன துளை வழியே நீர் இறங்கினால் அழுகல் வரும். காய்க்கிற மரத்துக்குக்கூட அதைச் செய்யாதீர்கள்.

அறிகுறி: ஆண் மரம் வராது என்று சொல்லி வாங்கினேன், ஆண் மரம் வந்திருக்கிறது

ரெட் லேடியிலோ கோ 7-இலோ நீளக் காம்பில் கொத்துப் பூ வந்தால் விதை சுத்தமில்லை. பெரும்பாலும் நடப்பது இதுதான். யாரோ ஒருவர் தோட்டத்துப் பழத்திலிருந்து விதை எடுத்து நாற்று விட்டிருப்பார். அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஆண் மரம் ஒன்று இருந்திருக்கும். இருபால் பூவில் ஆண் மரத்தின் மகரந்தம் விழுந்தால் பிழைக்கும் விதைகளில் மூன்றில் ஒன்று ஆண், ஒன்று பெண், ஒன்று இருபால் என்று வரும். ரெட் லேடி வீரிய ஒட்டு என்பதால், ஆண் கலக்காவிட்டாலும் அதன் பழத்து விதை தாய் மாதிரி வராது. காயின் அளவும் இனிப்பும் மரத்துக்கு மரம் வேறுபடும். நாற்று வாங்கும்போது விதைப் பொட்டலத்தைக் காட்டச் சொல்லுங்கள், பில் வாங்குங்கள்.

அறிகுறி: காய் உருண்டையாக வருகிறது, வியாபாரி விலை குறைக்கிறார்

அது பெண் மரம், நோய் எதுவும் இல்லை. பெண் மரத்துக் காய் உருண்டையாக, உள்ளே குழி பெரிதாக, சதை சற்று மெலிதாக இருக்கும். இருபால் காய் நீளமாக, சதை கனமாக, பெட்டியில் அடுக்க வசதியாக இருக்கும் என்பதால் சந்தையில் கேட்கிறார்கள். ருசியில் பெண் காய் குறைந்ததல்ல. வீட்டுக்கு என்றால் எதுவும் சரி. சந்தைக்கு நீளக் காய்தான் வேண்டும் என்றால், குழிக்கு இரண்டு மூன்று நாற்று வைத்து, முதல் பூவில் இனம் கண்டு இருபாலை மட்டும் நிறுத்துவது ஒன்றே வழி. பப்பாளிப் பால் எடுப்பதற்காகக் கோ 2, கோ 5 வைத்தவர்களுக்குக் காயின் வடிவம் ஒரு பொருட்டே இல்லை.

எத்தனை ஆண் மரம் நிறுத்துவது?

ஆண், பெண் தனித்தனியாக வரும் ரகத்தில் எல்லா ஆண் மரங்களையும் வெட்டிவிடுவதும் தவறு, பாதித் தோட்டம் ஆணாக நிற்க விடுவதும் தவறு. 20 பெண் மரத்துக்கு ஒரு ஆண் மரம் போதும். 1.8 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,200 குழி வரும், அதில் 60 ஆண் மரம். ஒரே மூலையில் கூட்டமாக விடாமல் தோட்டம் முழுக்கப் பரவலாக நிறுத்துங்கள். வீட்டுத் தோட்டத்தில் நாலைந்து பெண் மரம் என்றால் ஒரு ஆண் மரம் தாராளம். இடம் இல்லையென்றால் ஒரு இருபால் மரத்தை அதற்குப் பதில் வைக்கலாம், அதுவும் காய்க்கும், மகரந்தமும் தரும். பெண்ணும் இருபாலும் வரும் ரகத்தில் தனியாக ஆண் தேவையே இல்லை.

அடுத்த முறைக்குச் சொந்த விதை எடுக்க நினைத்தால்

கோ 7, சூர்யா போன்ற, வீரிய ஒட்டு அல்லாத இருபால் ரகங்களில் இதைச் செய்யலாம். கோடையிலும் ஓரளவு காய் பிடித்த, கோணல் காய் வராத ஒரு இருபால் மரத்தைத் தேர்ந்தெடுங்கள். நுனி மொட்டு மறுநாள் விரியும் என்று தெரிந்தால், மாலைக்குள் அதன் மேல் காகித உறையோ மெல்லிய துணிப் பையோ கட்டிவிடுங்கள். உள்ளே தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும், வெளியிலிருந்து எதுவும் கலக்காது. ஒரு வாரம் கழித்துப் பிஞ்சு பருத்ததும் உறையை அகற்றி, காம்பில் தேதி எழுதிய சீட்டைக் கட்டுங்கள். பழம் தயாராக ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகும். நன்றாகப் பழுத்த பின் விதையை எடுத்து, மேலே இருக்கும் வழவழப்பான சவ்வைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். அந்த விதையில் ஆண் மரம் வராது, மூன்றுக்கு இரண்டு இருபாலாக நிற்கும்.